சம்பளம் வந்துவிட்டது, முதலாளியைக் காணோம்: என்சிஏஏவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திரு. சார்லி பேக்கர், தலைவர், என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு), இண்டியானாபொலிஸ். அதன் ஆளுகைக் குழுவில் இருக்கும் பல்கலைக்கழகத் தலைவர்கள்.

வணக்கம்.

கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக நடந்த பட்டிமன்றத்தை நீங்களே முடித்துவைத்துவிட்டீர்கள். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் பணம் கேட்டு உங்கள்மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். ஜூலை 1 முதல் கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இதற்கு முன் ஆடிப்போனவர்களுக்குப் பழைய பாக்கியாகப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். ஆகவே "கொடுங்கள்" என்று கெஞ்சுவதற்காக இந்த மடல் இல்லை. கொடுத்துக்கொண்டே, "இவர்கள் எங்களிடம் வேலை செய்பவர்கள் இல்லை" என்று நாடாளுமன்றத்திடம் சட்டம் கேட்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இண்டியானாபொலிஸில் இதைத் தமிழில் படிக்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் படிப்பார்கள். பிள்ளையின் டென்னிஸ் பயிற்சிக்கும் நீச்சல் பயிற்சிக்கும் சேமிப்பைக் கரைத்துவிட்டு, "அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப் கிடைச்சிடும்" என்ற நம்பிக்கையில் இருக்கிற பெற்றோர் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் காதிலும் விழட்டும்.

நான் ஒஹாயோவில் வேலை பார்க்கும் பொறியாளர். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்து, ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தேன். அங்கே டீச்சிங் அசிஸ்டெண்டாக இளங்கலை மாணவர்களின் விடைத்தாள் திருத்தினேன். நான் எந்த விளையாட்டும் ஆடியவன் இல்லை. சனிக்கிழமை ஆட்டம் நடந்தால் எந்தச் சாலையில் வண்டி போகாது என்பதுதான் எனக்குத் தெரிந்த கால்பந்து (இந்த மடலில் கால்பந்து என்றால், கையில் பந்தோடு மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்துதான்). ஆனால் மாணவராகவும் பல்கலைக்கழகத்தின் ஊழியராகவும் ஒரே நேரத்தில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். உங்கள் வழக்கறிஞர்கள் முடியவே முடியாது என்று வாதாடுவதும் அதைத்தான்.

அதற்கு முன் கொலராடோவில் நடந்த இரண்டு பழைய வழக்குகளைச் சொல்ல வேண்டும். உங்கள் பிடிவாதத்தின் வேர் அங்கே இருக்கிறது. டென்வர் பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் எர்னஸ்ட் நெமெத் என்பவர் பயிற்சியின்போது காயப்பட்டார். அவருக்கு வளாகத்தின் டென்னிஸ் மைதானங்களைப் பராமரிக்கும் சின்ன வேலை ஒன்றைப் பல்கலைக்கழகம் கொடுத்து வைத்திருந்தது. கால்பந்து ஆடினால்தான் அந்த வேலை. 1953-ல் மாநில உச்ச நீதிமன்றம், இவர் ஊழியர்தான், விபத்து நஷ்டஈடு உண்டு என்று சொன்னது. கல்லூரிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்புறம் 1955-ல் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி நஷ்டஈடு கேட்டார். 1957-ல் அதே நீதிமன்றம் இல்லை என்றது. கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லையாம், அந்த ஆட்டத்தால் அதற்கு லாபம் எதுவும் இல்லையாம்.

அந்தச் சின்னக் கல்லூரியைப் பொறுத்தவரை அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு பெரிய கல்லூரிகளும் அதே பாட்டைப் பாடின. 1974-ல் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக வீரர் கென்ட் வால்ட்ரெப் கழுத்து முறிந்து முடங்கிப்போனார். அவர் நடத்திய சட்டப் போராட்டம் 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வியில் முடிந்தது. ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் அவர் ஊழியர் இல்லை என்பதே தீர்ப்பு.

இப்போது உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்போம். ஆண்கள் கூடைப்பந்தின் மார்ச் போட்டிகளை ஒளிபரப்ப 2010-ல் சிபிஎஸ்ஸும் டர்னரும் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டன. 2016-ல் மேலும் 880 கோடி டாலர் சேர்த்து 2032 வரை நீட்டித்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். எங்கள் கொலம்பஸ் நகரத்தில் இருக்கும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக மைதானமும் ஒரு லட்சத்தைத் தாண்டும். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். வேலை செய்ததற்காக இல்லை, இனிமேல் வரவேண்டாம் என்பதற்காக. இதற்குப் பிறகும் கால்பந்து எங்கள் தொழில் இல்லை என்று யாராவது சொன்னால், ஊரில் சிரிப்பார்கள்.

சரி, படிப்பு கொடுக்கிறோமே, அதற்கு விலை இல்லையா என்பீர்கள். இருக்கிறது. இந்த நாட்டில் கல்விக் கட்டணம் என்ன என்று கடன் வாங்கிப் படிக்க வந்த எங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கடனில்லாத பட்டம் பெரிய சொத்துதான். ஆனால் அந்தப் படிப்பு உண்மையான படிப்பாக இருக்க வேண்டும். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடக்காத, பேராசிரியர் எட்டிப் பார்க்காத பாடங்கள் ஓடின. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் நல்ல மதிப்பெண். 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்த வழியில் போனதாக 2014-ல் வெய்ன்ஸ்டீன் அறிக்கை சொன்னது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உங்களுக்கு வரவில்லை. 2017 அக்டோபரில், அந்தப் பாடங்கள் மற்ற மாணவர்களுக்கும் திறந்தே இருந்தன, ஆகவே எங்கள் விதியில் தண்டிக்க இடமில்லை என்று கையை விரித்துவிட்டீர்கள்.

கல்விக்கு இப்படிக் கண்ணை மூடிய அதே விதிப்புத்தகம், ஒரு பையன் தன் சட்டையை விற்றபோது எப்படிக் கண்ணைத் திறந்தது என்று கொலம்பஸ்காரர்களுக்கு மறக்காது. 2010 டிசம்பரில் டெரெல் பிரையர் உட்பட ஒஹாயோ ஸ்டேட் வீரர்கள் ஐந்து பேர், தாங்கள் வென்ற மோதிரங்களையும் சட்டைகளையும் விற்றதற்காகவும் பச்சை குத்திக்கொள்வதில் சலுகை வாங்கியதற்காகவும் ஐந்து ஆட்டங்களுக்குத் தடை செய்யப்பட்டார்கள். தடை அடுத்த பருவத்திலிருந்துதான்! ஜனவரியில் நடந்த, பருவக் கடைசிப் பெரிய ஆட்டமான சுகர் பவுலில் ஐவரும் ஆடலாம் என்று அனுமதித்தீர்கள். குற்றம் அவ்வளவு பெரியது என்றால், டிக்கெட் விற்ற ஆட்டத்தில் மட்டும் அது எப்படிக் கரைந்துபோனது? சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2005-ல் வென்ற ரெஜி புஷ், விதிக்கு மாறாகச் சலுகைகள் வாங்கினார் என்பதால் 2010-ல் அதை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. 2024-ல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் செய்தது மாறவில்லை, உங்கள் விதிதான் மாறியிருந்தது. 2014-ல் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழக) கூடைப்பந்து அணியைச் சாம்பியனாக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுக்கப் போகிறேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அந்த மாதமே உணவு வரம்பைத் தளர்த்தினீர்கள். கேமரா முன்னால் ஒருவர் சொன்னால்தான் உங்களிடம் வேலை நடக்கிறது. கேமரா இல்லாவிட்டால் நீதிமன்றம்.

நீதிமன்றமும் பொறுமை இழந்தது. வீடியோ கேமில் தன் உருவம் ஓடுவதைப் பார்த்து 2009-ல் வழக்குப் போட்ட முன்னாள் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் முதல் அடியைப் போட்டார். 2021 ஜூன் 21 அன்று, வீரர்களின் கல்விச் சலுகைகளுக்கு நீங்கள் வைத்த வரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் உங்களுக்கு எதிராக ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். இந்தக் காலத்தில் அந்த ஒன்பது பேரை எதிலாவது ஒன்றுசேர வைப்பது சாதாரண காரியமா? நீதிபதி கேவனா தனியாக எழுதிய கருத்தில், சம்பளம் கொடுக்காமல் இருப்பதுதான் எங்கள் பொருளின் சிறப்பு என்று சொல்லித் தப்பிக்க அமெரிக்காவில் வேறு எந்தத் தொழிலுக்கும் இடமில்லை என்ற பொருளில் சாடினார்.

பத்தே நாளில், ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டீர்கள். ஊரில் சில ஓட்டல்களில், சர்வருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்காமல் "டிப்ஸ் வாங்கிக்கோப்பா" என்பார்களே, அந்த ஏற்பாடுதான் இது. சாப்பிட வந்தவர் தாராளமானவர் என்றால் சர்வருக்கு யோகம். கல்லாவில் இருப்பவர் பையில் கை போடவே வேண்டாம். நான்கு ஆண்டு அப்படி ஓடியது. பணக்கார ரசிகர்கள் கூட்டுச் சேர்ந்து வீரர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள், வீரர்கள் ஆண்டுதோறும் கல்லூரி மாறினார்கள், நீங்கள் ஐயோ குழப்பம் என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். கல்லூரியே நேரடியாகச் சம்பள ஒப்பந்தம் போட்டிருந்தால் அந்தக் குழப்பத்தில் முக்கால்வாசி வந்திருக்காது.

இப்போது ஹவுஸ் சமரசம். கல்லூரிகளே பணம் கொடுக்கும், நல்லது. ஆனால் அந்த உச்சவரம்பை யார் தீர்மானித்தார்கள்? பெரிய கல்லூரிகளின் ஒளிபரப்பு, டிக்கெட், விளம்பர வருமானத்தின் சராசரியில் 22 சதவீதம் என்று வழக்கறிஞர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். தொழில்முறைக் கால்பந்தான என்எஃப்எல்லிலும் உச்சவரம்பு உண்டு. தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏவிலும் உண்டு. அங்கே வீரர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ வருமானத்தில் பாதி. அந்த உச்சவரம்பை யாரும் நீதிமன்றத்தில் உடைக்க முடியாததற்குக் காரணம் எளிது: வீரர்களின் சங்கம் எதிரே உட்கார்ந்து பேரம் பேசி, ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட்டிருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் அப்படிப் போட்ட ஒப்பந்தத்துக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது.

நான் மன்றாடிக் கேட்பது இதை ஒருமுறை யோசியுங்கள் என்றுதான். 2025-ல் கீழவையில் வந்த ஸ்கோர் மசோதா வழியாக நீங்கள் கேட்பது என்ன? உச்சவரம்புக்குப் பாதுகாப்பு வேண்டும், கல்லூரி மாறுவதற்குக் கட்டுப்பாடு வேண்டும், இனிமேல் யாரும் ஏகபோகத் தடைச் சட்டத்தில் வழக்குப் போடக் கூடாது. இவை எல்லாமே வீரர்களோடு பேரம் பேசினால் சட்டப்படியே கிடைக்கும். அந்த வழி வேண்டாம், நாடாளுமன்றம் இலவசமாகத் தரட்டும் என்கிறீர்கள். கூடவே வீரர்களை ஊழியராகக் கருதக் கூடாது என்று ஒரு பூட்டும் கேட்கிறீர்கள். உச்சவரம்பு முதலாளிக்கு உரியதாகவும் பொறுப்பு யாருக்கும் உரியதல்லாததாகவும் இருக்க வேண்டும் என்றால், அது எந்த ஊர் நியாயம்?

வீரர்கள் கேட்காமல் இல்லை. 2014-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் கெய்ன் கோல்ட்டர் தலைமையில் சங்கம் கேட்டார்கள். இவர்கள் ஊழியர்கள்தான் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி சொன்னார். அடுத்த ஆண்டு மேல் வாரியம் இது எங்கள் கையில் இல்லை என்று நழுவிக்கொண்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கூடைப்பந்து வீரர்கள் 13-க்கு 2 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். டார்ட்மத்தில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அந்தப் பையன்கள் கோடிக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லை. புதிய அரசின் வாரியம் எப்படித் தீர்ப்பளிக்குமோ என்ற நிலையில் அந்த ஆண்டு கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் 2024 ஜூலையில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், விளையாட்டு வீரர் என்பதாலேயே ஒருவர் ஊழியராக முடியாது என்று சொல்லிவிட முடியாது, வேலையின் நிஜ நிலவரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜான்சன் வழக்கில் சொல்லிவிட்டது. கதவு இன்னும் மூடவில்லை.

மாணவர் எப்படி ஊழியராக இருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு என் கதையே பதில். எனக்கு வாரம் 20 மணி நேர வேலை. சம்பளம், கட்டணச் சலுகை, மருத்துவக் காப்பீடு, வருஷக் கடைசியில் ஊழியர்களுக்குத் தரும் டபிள்யூ-2 வரிப் படிவம். என் பேராசிரியர் ஒருநாளும் "நீ ஊழியன், அதனால் உனக்குப் படிப்பு வராது" என்று சொன்னதில்லை. எங்களைப் போன்றவர்களிடமும் பல தனியார் பல்கலைக்கழகங்கள் ஒரு காலத்தில், நீங்கள் பயிற்சி பெறுகிறீர்கள், வேலை செய்யவில்லை என்று பேசின. 2016-ல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் தொழிலாளர் வாரியம் அதை ஏற்கவில்லை. 2022-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தை உயர்த்திக்கொண்டார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இடிந்து விழவில்லை.

உங்களிடமும் ஒரு 20 மணி நேரம் இருக்கிறது. பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டு வேலை கூடாது என்பது உங்கள் விதி. ஆனால் ஆட்ட நாள் முழுவதையும் மூன்று மணி நேரம் என்று எழுதிக்கொள்வீர்கள். பேருந்திலும் விமானத்திலும் போகும் நேரம் கணக்கிலேயே வராது. உங்கள் சங்கம் நடத்திய கணக்கெடுப்புகளிலேயே பெரிய கல்லூரிக் கால்பந்து வீரர்கள் பருவத்தில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் 20-க்கு மேல் ஒரு மணி நேரம் கூடுதலாக எழுதினால் துறை அலுவலகத்திலிருந்து உடனே மின்னஞ்சல் வரும். விசா விவகாரம், விளையாட்டில்லை.

விசா என்றதும் எங்கள் ஊர்ப் பெற்றோர் நிமிர்ந்து உட்கார வேண்டும். உங்கள் கல்லூரிகளில் வெளிநாட்டிலிருந்து வந்து ஆடுபவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். டென்னிஸ் அணிகளில் பலவற்றில் அமெரிக்கப் பிள்ளைகளைத் தேட வேண்டும். சென்னையில் பள்ளிப் படிப்பு படித்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007-லும் 2008-லும் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றார். 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தை அதன் மண்ணிலேயே இந்தியா வென்றபோது முதல் ஒற்றையர் ஆட்டத்தை வென்ற நம்ம தட்சிணேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியில் ஆடியவர்.

எஃப்-1 விசாக்காரர் வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் சம்பாதிக்கக் கூடாது. விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்கினால் படிப்பே போகலாம். 2022-ல் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர் காங்கோவின் ஆஸ்கர் ஷீப்வே. 2023-லும் 2024-லும் கனடாவின் ஸாக் ஈடி. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் முதல் வீரர், தன்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் போலத் தாராளமாகச் சம்பாதிக்க முடியாத ஆள்! ஷீப்வேயின் அணி 2022 கோடையில் பஹாமாஸுக்கு ஆடப் போனது. அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருந்த அந்தச் சில நாட்களில்தான் அவர் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். இந்தக் கூத்துக்குச் சட்டம் இயற்றியவர்கள் நீங்கள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணத்தை விளம்பரக்காரர் பக்கம் தள்ளிவிட்டது நீங்கள். எஃப்-1 மாணவருக்கு வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி ஏற்கெனவே இருக்கிறது. நான் சம்பளம் வாங்கியது அந்த வழியில்தான். வீரர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் அந்த வழியைத் திறக்க வாதிடலாம். ஆனால் அப்போது மணி நேரத்தை உண்மையாக எழுத வேண்டிவரும். மூன்று மணி நேர ஆட்ட நாள் குடியேற்றத் துறையிடம் செல்லாது. நீங்கள் தயங்குவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

டென்னிஸ் பெற்றோருக்கு இன்னொரு விஷயம். முழு ஸ்காலர்ஷிப் என்று முகவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பழைய விதிப்படி, பெரிய கல்லூரிகள் ஆடும் முதல் பிரிவில் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு மொத்தமே நாலரை ஸ்காலர்ஷிப். அதைத்தான் எட்டுப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இப்போது பத்துப் பேர் வரை எடுக்கலாம், பத்துப் பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம். கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுக்க வேண்டும் என்று இல்லை. வட கரோலினாவில் ஆடிய ரீஸ் பிராண்ட்மைர் 2021 அமெரிக்க ஓபனில் வென்ற பரிசுப் பணத்தில் பெரும்பகுதியைக் கல்லூரி ஆட்டத்துக்காக விட வேண்டிவந்து, 2024-ல் உங்கள் மேல் வழக்குப் போட்டார். ஒரு பக்கம் கால்பந்து வீரர் விளம்பரத்தில் லட்சக்கணக்கில் வாங்கலாம். மறுபக்கம் டென்னிஸ் ஆடிய பெண் மைதானத்தில் வென்ற பணத்தில் பெரும்பகுதியைத் தொட முடியவில்லை. இதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள் பார்ப்போம்.

எதிர்வாதங்களில் ஒன்று உண்மையாகவே கனமானது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு விளையாட்டில் கைக்காசுதான் போகிறது. பணத்தைக் கால்பந்துக்குத் திருப்பினால் மல்யுத்தம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், டென்னிஸ் அணிகளின் கழுத்தில் கத்தி விழும். அமெரிக்காவின் ஒலிம்பிக் பதக்கங்களில் பெரும்பங்கு அந்த அணிகளில் வளர்ந்தவர்களுடையது. 2020-ல் ஸ்டான்ஃபோர்டே பதினோரு விளையாட்டுகளை மூடுவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு பின்வாங்கியது. 1972-ன் ஒன்பதாம் பிரிவுச் சட்டம் பெண்களுக்குச் சம வாய்ப்பு கேட்கிறது. ஆனால் பல பெரிய கல்லூரிகள் புதிய பணத்தில் முக்கால் பங்கை ஆண்கள் ஆடும் கால்பந்துக்கே ஒதுக்குகின்றன. பழைய பாக்கியிலும் சுமார் 90 சதவீதம் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் என்பதை எதிர்த்துப் பெண் வீரர்கள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். இந்தச் சிக்கலுக்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. ஆனால் நீச்சல் அணியைக் காப்பாற்றும் செலவைக் கால்பந்து ஆடும் பையனின் சம்பளத்திலிருந்து பிடிப்பதுதான் ஒரே வழி என்பதை நான் ஏற்கவில்லை. ஏழரைக் கோடி டாலர் பிரியாவிடை கொடுக்க முடிந்த இடத்தில் பணம் இல்லாமல் இல்லை, அது வேறு பைக்குப் போகிறது.

ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எல்லா வீரர்களையும் ஊழியராக்குங்கள் என்றும் நான் கேட்கவில்லை. மூன்றாம் பிரிவில் ஸ்காலர்ஷிப்பே இல்லாமல், ஆசைக்காக ஆடுகிற பிள்ளைக்குச் சம்பளப் பட்டியல் தேவைப்படாமல் இருக்கலாம். எழுந்திருக்கும் நேரம், சாப்பாடு, எந்த வகுப்பு எடுக்கலாம் என்பதுவரை கல்லூரி தீர்மானிக்கிற இடத்தில், அந்த உழைப்பிலிருந்து கல்லூரிக்கு வருமானம் வருகிற இடத்தில், ஊழியர் என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஊழியர் என்றால் வேலையை விட்டு நீக்கலாமே, வரி வருமே என்று வீரர்கள்மேல் திடீர்க் கரிசனத்தோடு சிலர் பயமுறுத்துகிறார்கள். ஆடாத பையனை அணியிலிருந்து நீக்குவது இப்போது மட்டும் நடக்கவில்லையா?

காயத்துக்கு வருகிறேன், டென்னிசனின் மனைவி கேட்டது அதைத்தான். 2024 ஆகஸ்டு முதல் விளையாட்டுக் காயங்களுக்கு, அணியை விட்டுப் போன பிறகும் இரண்டு ஆண்டுகள் மருத்துவச் செலவு உண்டு என்று கொண்டுவந்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் முழங்கால் தேய்வதும் தலையில் வாங்கிய அடிகள் மூளையில் வேலை காட்டுவதும் இரண்டு ஆண்டில் தெரிவதில்லை. ஒஹாயோவில் கிடங்கில் பெட்டி தூக்குகிற தொழிலாளிக்கு முதுகு போனால் மாநில விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஒரு லட்சம் பேர் பார்க்க முதுகு போனவருக்கு அது இல்லை.

உங்கள் அமைப்பின் ஆண்டு மாநாடு ஜனவரியில் கூடும். ஊழியர் ஆகக் கூடாது என்ற பிரிவுக்காக நாடாளுமன்றத்தில் இனிமேல் ஆதரவு திரட்டுவதில்லை என்று அங்கே ஒரு தீர்மானம் போடுங்கள். அதோடு கால்பந்து, கூடைப்பந்து வீரர்கள் தங்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளோடு உச்சவரம்பு, கல்லூரி மாற்றம், காயத்துக்கான நீண்டகாலக் காப்பீடு மூன்றையும் பேச ஒரு தேதி அறிவியுங்கள். வெளிநாட்டு மாணவர் விசா பற்றிக் குடியேற்றத் துறையிடம் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை உங்கள் இணையதளத்தில் போட்டால் சென்னையிலிருந்து என்னைக் கேட்கிறவர்களுக்கு அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
கொலம்பஸ் நகரத்துத் தமிழர் ஒருவர்